கால்வாய்க்கரையில் கண்டுபிடித்த கசிவு

நான் வேலை பார்த்த சர்வீஸ் சென்டரில் இப்போது வாரன்டி கேட்பதற்கு ஆளே தேவையில்லை என்கிறார்கள். பழுதான பாகத்தைப் போனில் நாலு பக்கமும் படம் எடுத்து வண்டி செய்த கம்பெனிக்கு அனுப்பினால், டீ குடித்து முடிப்பதற்குள் 'சரி' என்றோ 'இல்லை' என்றோ பதில் வந்துவிடுகிறதாம். என் இடத்தில் இப்போது இருக்கும் திவ்யா சமீபத்தில் போனில் பேசும்போது இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "கூலன்ட் லீக் கேஸ் வந்தா மட்டும் பேஜாரா கீதுக்கா. எங்க கசியுதுன்னு போட்டோல தெர்ல. ரிஜெக்ட் ஆயிடுது. நீங்கல்லாம் எப்டி வாங்குனீங்க, எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

எழுதிக் கொடுக்கும் அளவுக்கு அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் கேட்டதிலிருந்து லலிதாவின் வண்டி என் நினைவிலேயே நிற்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எங்கள் ஒர்க்‌ஷாப் மேனேஜர் சந்தானம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஊர் திருப்பாச்சூர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர்கள். அண்ணன் கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலைக்குப் போன பிறகுதான் எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்ற பேச்சே வந்தது. நான் தபால் வழியில் பி.காம். படித்துக்கொண்டே, திருவள்ளூருக்கு வெளியே நெடுஞ்சாலையில் இருந்த கார் சர்வீஸ் சென்டரில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது அங்கே பெண் என்றால் நானும், கூட்டிப் பெருக்க வரும் கன்னியம்மாளும்தான். போன் எடுத்தேன், பில் போட்டேன், பிறகு வண்டி கொண்டுவருகிறவர்களிடம் குறை கேட்டு எழுதும் அட்வைசர் ஆனேன். வாரன்டி பார்த்துக்கொண்டிருந்தவர் சென்னைக்கு மாறிப் போனபோது அந்த மேசையும் எனக்கு வந்தது. ஓய்வு பெறும்வரை அதே மேசைதான்.

சந்தானம் சார் ஒல்லியான மனிதர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மெக்கானிக் பையன்களைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். யாராவது குறை சொல்ல வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை உட்கார மாட்டார். கோபமாக வந்தவர்கள்கூட, இந்த மனிதர் நிற்கிறாரே என்று பாதியில் குரலைத் தணித்துக்கொள்வார்கள்.

நான் அட்வைசர் ஆன புதிதில், வண்டிக்காரர் ஒருவர் ஏதோ சொல்ல, நான் 'கூலன்ட் லீக், சரி செய்யவும்' என்று எழுதிவிட்டேன். சார் அதைப் படித்துவிட்டு அவரையே திரும்பக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். காலையில் வண்டியை எடுக்கும்போது தரையில் ஈரமாக இருக்கிறது என்றார் அவர். போய்ப் பார்த்தால் ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற வெறும் தண்ணீர். சார் என்னைத் திட்டவில்லை. "அவர் லீக்குன்னு சொல்லலியே, ஈரம்னுதானே சொன்னார். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலயே எழுதுங்க ஜெயாம்மா. நோய் என்னன்னு நாம அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் எழுதினேன். 'மேடு ஏறினால் முனகுகிறது', 'பிரேக் பிடித்தால் எலி கத்துகிற மாதிரி இருக்கிறது' என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். மற்ற அட்வைசர்கள் சிரிப்பார்கள்.

கூலன்ட் குறைகிறது என்று ஒரு வண்டி வந்தால் சார் வைத்திருந்த முறை ஒன்று உண்டு. கூலன்ட் என்பது இன்ஜின் கொதித்துப் போகாமல் அதைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும் நிறமுள்ள நீர்மம். எங்கள் வண்டிகளில் அது ரோஸ் நிறம். முதலில் வண்டியைத் தொடவே கூடாது. ஆற விட வேண்டும். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு, அடியில் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைத் துவைத்து விரித்துவிடுவார். ரோஸ் புள்ளி விழுந்தால் கூலன்ட், பழுப்பு விழுந்தால் ஆயில், நிறமில்லாமல் நனைந்தால் ஏ.சி. தண்ணீர். பிறகு மூடியின் இடத்தில் சின்னக் கைப்பம்பை மாட்டிக் காற்றை ஏற்றுவார். அதிலிருக்கும் முள் இறங்காமல் நின்றால் எங்கும் ஓட்டையில்லை. இறங்கினால் டார்ச்சும், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகத் தேட வேண்டும். கூலன்ட் கசிந்து காய்ந்த இடத்தில் உப்புப் பூத்தது போல ஒரு படிவு இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். அது நடந்திருக்காவிட்டால் லலிதா விஷயம் வேறு மாதிரி முடிந்திருக்கும். கல் குவாரி முதலாளி ஒருவர் தன் வண்டியின் ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று கொண்டுவந்தார். முன்பக்கத்தில் ஏதோ கம்பி குத்திய ஓட்டை வெளிப்படையாகத் தெரிந்தது. அதை வாரன்டியில் போடச் சொன்னார். எங்கள் முதலாளிக்கு அவர் வேண்டப்பட்டவர். இன்னும் நாலு வண்டி வாங்கப் போகிறவர். முதலாளியே மாடியிலிருந்து இறங்கி வந்து, "எழுதி அனுப்புங்க சந்தானம், நீங்க எழுதினா கம்பெனி கேள்வி கேக்காது" என்றார்.

சார் எழுந்து நின்றுகொண்டே, "கேக்க மாட்டாங்க சார். அதனாலதான் எழுத முடியாது" என்றார்.

குவாரிக்காரர் வேறு இடத்துக்குப் போனார். முதலாளி ஒரு மாதம் சாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சார் வழக்கம்போல வந்தார், வழக்கம்போல வேட்டியைத் துவைத்துப் போட்டார்.

அதற்கு நெடுநாள் கழித்துத்தான் லலிதா வந்தாள்.

லலிதாவுக்கு ஊத்துக்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். படித்து முடித்த கையோடு கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவள். வண்டிகளுக்கு உள்ளே போகும் ஒயர்களைக் கட்டும் வேலை. பத்து வருடத்துக்கு மேல் நின்றுகொண்டே வேலை செய்து முழங்கால் போய்விட்டது. அவள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் அந்த வேலைக்குப் போக ஆசைப்பட்ட பெண்கள் நிறையப் பேர். ஆனால் விடியற்காலை ஷிஃப்டுக்கு நேரத்தில் பஸ் கிடையாது. யாரோ ஒரு ஆள் ஓட்டும் வேனில் பெண்ணை அனுப்ப வீட்டில் பயம். லலிதா டிரைவிங் கற்றுக்கொண்டு, வங்கிக் கடனில் ஏழு பேர் உட்காரும் வண்டியை மஞ்சள் போர்டு டாக்சியாக வாங்கினாள். லலிதா வண்டி என்றால் அப்பாக்கள் பெண்களை அனுப்பினார்கள். ஆறு பெண்கள் அந்த வண்டியை நம்பி வேலைக்குப் போனார்கள்.

முதல் தடவை வந்தபோது அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்: 'தண்ணி கொறஞ்சிகினே கீது. எங்க போவுதுன்னு தெர்ல. கீழ ஒரு சொட்டுகூட இல்ல.' வேட்டி விரித்தோம். ராத்திரி முழுக்க வண்டி அதன்மேல் நின்றும் வேட்டி வெள்ளையாகவே இருந்தது. பம்ப் வைத்தோம், முள் அசையவில்லை. கூலன்ட் ஊற்றி அனுப்பினோம். சில வாரத்தில் திரும்ப வந்தாள். அப்போதும் எதுவும் கிடைக்கவில்லை. ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைக் கூலன்டில் கலந்து, கொஞ்சம் ஓட்டிவிட்டு வரச் சொன்னோம். இரண்டாம் நாளே, பெரியபாளையம் தாண்டி ஆரணிக்குப் போகிற வழியில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறிவிட்டது. லலிதா புத்திசாலி, உடனே ஓரம் கட்டி அணைத்துவிட்டாள். அதனால் இன்ஜின் தப்பியது. வண்டி ஆறியதும் பெண்களிடமிருந்த பாட்டில் தண்ணீரையெல்லாம் அதில் ஊற்றி ஓட்டிப் பார்த்தாள். தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியாகிவிட்டது. எல்லாருக்கும் அன்றைய வேலை போயிற்று. இன்னொரு தடவை இப்படி வந்தால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்.

மறுநாள் வண்டியைக் கொண்டுவந்து எங்களிடம் விட்டுவிட்டாள். கம்பெனியின் ஏரியா இன்ஜினியர் விக்னேஷ் வந்து பார்த்தார். முப்பது வயதுக்குள் இருப்பார். வேலையில் கறாரான ஆள். எல்லா இணைப்பையும் பார்த்தார். சாயம் எங்கும் ஒளிரவில்லை. கூலன்ட் ஊற்றும் டப்பாவில் இருப்பது கூலன்ட் பாதி, வெறும் தண்ணீர் பாதி. 'கசிவு எதுவும் காணப்படவில்லை. வாடிக்கையாளர் சாதாரணத் தண்ணீர் ஊற்றியுள்ளார்' என்று எழுதி, வாரன்டி கிடையாது என்று முடித்துவிட்டார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. எந்தப் பாகம் பழுது என்று தெரியாமல் எதை மாற்றிக் கொடுப்பது?

அதற்குப் பிறகும் வண்டி எங்களிடமே நின்றது; லலிதா தினமும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். காலையில் தாமதமாக வருவாள், வாடிக்கையாளர் உட்காரும் அறையில் சுவரில் தலை சாய்த்துத் தூங்குவாள், மதியத்துக்குள் எழுந்து போய்விடுவாள். எதுவும் கேட்க மாட்டாள். ஒரு நாள் கன்னியம்மாள் என்னிடம் வந்து, "அந்தப் பொண்ணு நாஷ்டாகூடத் துன்னாம வந்து குந்தினு கீது ஜெயா, இன்னான்னு கேளு" என்றாள்.

இட்லி வாங்கிவரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். வண்டி இல்லாத நாளிலிருந்து அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஊரில் ஒரு ஷேர் ஆட்டோவைப் பேசி, பெண்களை அதில் அடைத்து, தானும் ஏறிக்கொண்டு ஊத்துக்கோட்டை வருவாள். அங்கிருந்து பஸ். பிறகு இன்னொரு பஸ். தொழிற்சாலை கேட்டில் அவர்களை விட்டுவிட்டு, அங்கிருந்து திருவள்ளூருக்கு எங்களிடம் வருவாள். பிறகு ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்குக் கேட்டில் போய் நிற்பாள். வீடுவரை கூட்டிப்போவாள். வண்டியே இல்லாமல் டிரைவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதற்கு இவ்வளவு அலைச்சல், அவர்களே பஸ்ஸில் போய்க்கொள்ள மாட்டார்களா என்று கேட்டேன்.

"போய்க்குவாங்கக்கா. அவங்க அப்பாங்க அனுப்ப மாட்டாங்க. நான் கூடப் போறேன்னு சொல்லித்தான் அனுப்பறாங்க. அப்டியும் பவானியை நிறுத்திட்டாரு அவங்க நைனா. அது ஒண்ணு போச்சு. மிச்சத்தையும் உட்டுட்டா, அப்றம் வண்டி வந்து இன்னா பிரயோஜனம்?"

சொல்லிவிட்டு இட்லியைச் சாப்பிட்டாள். அழவில்லை, நல்ல பசி. எங்கள் வீட்டில் என்னை வேலைக்கு அனுப்ப அப்பா யோசித்தபோது, அண்ணன் ஒரு மாதம் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுப் போனது ஞாபகம் வந்தது.

சந்தானம் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு லலிதாவின் வண்டியைப் போய்ப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மாற்று வண்டி கொடுக்கலாம் என்றால் எங்களிடம் டாக்சி பெர்மிட் உள்ள வண்டி இல்லை. வெள்ளை போர்டில் ஆள் ஏற்ற முடியாது. கடைசியில், "நம்ம இடத்துல இது கசியலை. அந்தப் பொண்ணு ஓட்டும்போது கசியுது. அப்போ நாம தப்பான இடத்துல தேடிகிட்டு இருக்கோம்" என்றார்.

நான் விக்னேஷுக்குப் போன் செய்தேன். வண்டியை அது ஓடுகிற ரோட்டில், அது சுமக்கிற பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும், நீங்களும் வர வேண்டும் என்றேன். ஒருமுறை மறுத்த கிளெய்மைத் திரும்ப எடுப்பதற்கு அவர் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். அவரே, "சந்தானம் சார் என்ன நினைக்கிறார்?" என்று கேட்டார்.

"கசிவு இருக்குன்னு நினைக்கிறார்."

"அவர் சொன்னாரா? அப்படின்னா வர்றேன் மேடம். ஞாயித்துக்கிழமை வர்றேன்."

குவாரிக்காரருக்காக ஒரு பொய்யை எழுதியிருந்தால் அன்றைக்கு அந்தப் பதில் வந்திருக்காது. அதை நான் அந்தப் போனை வைத்த நிமிடமே உணர்ந்தேன்.

பாரத்துக்கு மணல் மூட்டை ஏற்றலாம் என்றார் சார். லலிதா ஒத்துக்கொள்ளவில்லை. மூட்டை எதற்கு, பெண்களே வருவார்கள், அவர்களுக்கும் அன்று லீவுதான் என்றாள். ஊத்துக்கோட்டை பஸ் நிலையத்தருகே நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து பெண்களும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, ஏதோ பொருட்காட்சிக்குப் போவதுபோல நின்றிருந்தார்கள். கையில் புளிச்சோறு வேறு. பவானியின் இடத்தில் ஓர் அரிசி மூட்டையை உட்கார வைத்திருந்தார்கள். ஓட்டுகிற லலிதாவுக்குப் பக்கத்து இருக்கையில் விக்னேஷ் ஏறிக்கொண்டார். அந்த இடத்தில் வழக்கமாக உட்காரும் பெண் பின்னால் நெருக்கி உட்கார்ந்தாள். நானும் சாரும் எங்கள் வண்டியில் பின்னால் போனோம்.

பெரியபாளையம், ஆரணி, புதுவாயல் என்று கும்மிடிப்பூண்டிவரை போனோம். ஏ.சி. போட்டு, வேகத்தடை ஒன்றைக்கூட விடாமல் ஏறி இறங்கிப் போனோம். முள் நடுவிலேயே நின்றது. வண்டியை ஆற விட்டு மூடியைத் திறந்து பார்த்தால் அளவு குறையவில்லை. ஊதா விளக்கில் எதுவும் ஒளிரவில்லை. திரும்பி வரும்போதும் அப்படியே. ஊத்துக்கோட்டையில் வண்டியை நிறுத்தினோம். விக்னேஷ் பொறுமையாகத்தான் இருந்தார். ஆனால் போனை எடுத்து மணி பார்த்துவிட்டார். லலிதா ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது பின்சீட்டில் இருந்த சங்கீதா என்ற பெண், யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: "இன்னைக்கி அந்த வாசனையே வர்லக்கா."

சந்தானம் சார் சட்டென்று ஜன்னலருகே போனார். என்ன வாசனை என்று கேட்டார்.

"மருந்து மாதிரி சார். கொஞ்சம் தித்திப்பா வரும். பவானியை ஏத்திகினு திரும்புவோம்ல, அப்ப வரும். நான் பவானி ஏதோ தைலம் தடவிக்கினு வருதுன்னு நெனைச்சிகினு இருந்தேன்."

கூலன்ட் சூட்டில் ஆவியானால் தித்திப்பாகத்தான் வாசனை வரும். அதை வேலை தெரிந்த எல்லாரும் அறிவோம். சாரும் விக்னேஷும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பவானி வீட்டில் வண்டியை எப்படித் திருப்புவாய் என்று சார் லலிதாவைக் கேட்டார். அது கால்வாய்க்கரை, திருப்ப இடமே கிடையாது, பின்னாலேயே மேடு ஏற்றித்தான் ரோட்டுக்கு வர வேண்டும் என்றாள் அவள். நாங்கள் மெயின் ரோட்டிலேயே கிளம்பி மெயின் ரோட்டிலேயே முடித்திருந்தோம். உள் ஊர்களுக்குள் போகவே இல்லை.

பவானியின் வீடு கால்வாய்க்கரை ஓரம், நெல் வயலைப் பார்த்தபடி இருந்தது. அவள் அப்பா ஏழுமலை கழனியில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்குவதைப் பார்த்து, மண்வெட்டியோடு வரப்பில் ஏறி நின்றார். கிட்டே வரவில்லை. லலிதா ரிவர்ஸ் போட்டு, ஐந்து பெண்களும் அரிசி மூட்டையும் இன்ஜினியருமாக, அந்த மேட்டில் வண்டியைப் பின்னுக்கு ஏற்றினாள். இன்ஜின் உறுமியது. "வருது, வருது" என்று உள்ளேயிருந்து சங்கீதா கத்தினாள்.

அப்படியே நிறுத்தச் சொன்னார் சார். விக்னேஷ் குதித்து இறங்கி, வெள்ளைச் சட்டையோடு அந்த மண்ணில் மல்லாந்து படுத்து, ஊதா விளக்கோடு அடியில் நகர்ந்து போனார். அவர் கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. பிறகு, "மேடம், கண்ணாடி குடுங்க" என்றார். கொடுத்தேன். "சார், நீங்களும் வந்து பாருங்க" என்றார். சந்தானம் சாரும் அந்த வயதில் பக்கத்தில் படுத்தார்.

இன்ஜினின் பின்பக்கத்தில், ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் மாட்டுகிற பிளாஸ்டிக் மூக்கில் ஒரு முடியிழை அளவுக்குக் கூட இல்லாத ஒரு விரிசல். நேராக ஓடும்போது அது மூடிக்கொள்ளும். பாரத்தோடு பின்னுக்கு மேடு ஏறும்போது இன்ஜின் ஒரு பக்கம் சாய்கிறது; குழாய் நீளம் பற்றாமல் மூக்கை இழுக்கிறது; விரிசல் வாயைத் திறக்கிறது. பீச்சுகிற கூலன்ட் நேராகப் புகைக்குழாயின் மேல் பட்டு ஆவியாகிப் போய்விடுகிறது, கலந்த சாயமும் அந்தச் சூட்டிலேயே கருகிவிடுகிறது. கீழே ஒரு சொட்டும் விழுவதில்லை. அதனால்தான் வேட்டி கடைசிவரை வெள்ளையாக இருந்தது. தினமும் காலையில் பவானியை ஏற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

விக்னேஷ் வெளியே வந்தபோது முதுகெல்லாம் செம்மண். முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம். லலிதாவின் எதிரில் வந்து நின்று, "நீங்க சொன்னதுதான் சரி. தப்பு எங்க பார்ட்ல இருக்கு. நான் எழுதினதை நானே மாத்திடறேன்" என்றார். லலிதா தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு வண்டியின் மறுபக்கம் போய், கதவில் சாய்ந்துகொண்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். யாரோ புளிச்சோற்றைப் பிரித்தார்கள். விக்னேஷுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள்.

அந்த வாரமே அனுமதி வந்து, மூக்கையும் குழாயையும் மாற்றி, உள்ளே இருந்த தண்ணீரையெல்லாம் வடித்துப் புதுக் கூலன்ட் நிரப்பினோம். விக்னேஷ் படங்களோடு எழுதிய அறிக்கை மேலே போயிற்று. இந்த மாதிரி வண்டி வந்தால் அந்த இடத்தைப் பாரம் ஏற்றிப் பாருங்கள் என்று பிறகு எல்லா சர்வீஸ் சென்டருக்கும் தகவல் வந்தது. இன்னும் கொஞ்ச காலத்தில் அந்தக் குழாயே சற்று நீளமாக வரத் தொடங்கியது. புதுக் குழாய் முதல்முதலில் ஸ்டோருக்கு வந்தபோது சார் அதைக் கையில் எடுத்து, பழையதோடு வைத்து அளந்து பார்த்தார். ஒரு விரல் நீளம் கூடியிருந்தது. சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

வண்டியை எடுத்துப் போகும்போது லலிதா என்னை முதல் நாள் டிரிப்புக்குக் கூட வரச் சொன்னாள். கிளெய்ம் முடிந்த வண்டியில் போய் எனக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் அவள் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. "பவானி அப்பாவாண்ட நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்றாள். முன்தினமே போய் அவள் வீட்டில் தங்கினேன்.

விடியற்காலையில் கிளம்பினோம். ஒவ்வொரு ஊராகப் பெண்கள் ஏறி, எனக்கும் இடம் விட்டு நெருக்கி உட்கார்ந்தார்கள். கடைசியில் கால்வாய்க்கரைக்குப் போனோம். பவானி டிபன் பையோடு வாசலில் நின்றிருந்தாள். ஆனால் ஏழுமலை அவளுக்கு முன்னால் நின்றார். நான் இறங்கினேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வண்டி இனிமே வழில நிக்காதேம்மா?"

நிற்காது என்று சொல்வது எளிது. அந்த நேரத்தில் லலிதாவும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பாள். ஆனால் வருடக்கணக்கில் அந்த மேசையில் உட்கார்ந்துவிட்டு, எந்த வண்டியைப் பற்றியும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அப்படிச் சொல்ல முடியாதுண்ணா. வண்டிதானே, எப்பவாச்சும் நிக்கும். இந்தக் கோளாறு திரும்ப வராது. வேற எதுக்காச்சும் நின்னா, நாங்க வந்து இவங்களைக் கொண்டுபோய் கேட்ல விடுவோம். லலிதா உங்க பொண்ணை நடுவழில உட்டுட்டுப் போவாதுன்னு மட்டும் நான் சொல்லுவேன். வண்டியே இல்லாத நாள்லகூட அது உடல."

அவர் லலிதாவைப் பார்த்தார். அவள் ஸ்டியரிங்கில் கை வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் பாத்துகினுதான் இருந்தேன். பஸ்ல போனா, நடந்து போனா, கூடவே போச்சு" என்றார் ஏழுமலை. கொஞ்சம் யோசித்தார். "அந்த ஆபீசர் மண்ணுல படுத்துப் பாத்தாரே, அவரு நல்லா கீறாரா?"

நன்றாக இருக்கிறார் என்றேன்.

ஏழுமலை தானே வந்து வண்டியின் பின்கதவைத் திறந்தார். எப்படித் திறப்பது என்று தெரியாமல் இரண்டு முறை இழுத்தார். உள்ளேயிருந்து சங்கீதா கை கொடுத்தாள். பவானி ஏறிக்கொண்டாள். லலிதா ரிவர்ஸ் போட்டு மேட்டில் ஏற்றினாள். எல்லாரும் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தோம். வயல் வாசனையும் பவானியின் தலையில் இருந்த மல்லிகைப்பூ வாசனையும்தான் வந்தது.

ரோட்டுக்கு வந்ததும் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். அவர்களுக்கு அது தினப்படி தூக்கம். எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியபாளையத்தில் பொழுது விடிந்தது. கும்மிடிப்பூண்டி கேட்டுக்குப் போனபோது ஷிஃப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. பெண்கள் அவசரமில்லாமல் இறங்கி, தலையைச் சரிசெய்துகொண்டு, பேசிக்கொண்டே உள்ளே போனார்கள். லலிதா இன்ஜினை அணைத்துவிட்டு, டீ குடிக்கலாமா அக்கா என்று கேட்டாள்.